‘காபனைக் குறைத்த நிறுவனம்’: அந்தச் சான்றிதழ் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

மார்ச் 31-உடன் நிதியாண்டு முடிந்து, கொழும்பின் பல நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் ஒவ்வொன்றாக வெளிவரும் மாதங்களில், பத்திரிகைகளின் வணிகப் பக்கங்களில் ஒரே மாதிரியான படம் அடிக்கடி வரும். கோட் அணிந்த நான்கைந்து பேர், நடுவில் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ், கீழே ‘எமது காபன் அடிச்சுவட்டை இத்தனை சதவீதம் குறைத்துள்ளோம்’ என்ற வரி. காபன் அடிச்சுவடு என்றால், ஒரு நிறுவனத்தின் வேலைகளால் வெளியாகும் பச்சைவீட்டு வாயுக்களின் மொத்தக் கணக்கு. வங்கி, ஹோட்டல், ஆடைத் தொழிற்சாலை, தேயிலைக் கம்பனி என்று யாராகவும் இருக்கலாம். படத்தைப் பார்ப்பவருக்கு எழும் கேள்விகளுக்கு மட்டும் செய்தியில் விடை இருக்காது. யார் அளந்தது? எதோடு ஒப்பிட்டுக் குறைந்தது? மின்கட்டணத்தைக் குறைத்தார்களா, மரம் நட்டார்களா, அல்லது காசு கொடுத்து ஏதாவது வாங்கினார்களா?

பெரும்பாலான சான்றிதழ்கள் பொய் சொல்வதில்லை. ஒரு நிறுவனம் போட்ட கணக்கை வெளியார் ஒருவர் சரிபார்த்தார் என்பதை அவை சொல்கின்றன. ஆனால் ‘குறைப்பு’ என்ற சொல்லின் பாரம் முழுவதும் வேறு மூன்று இடங்களில் தங்கியிருக்கிறது: கணக்கின் எல்லை, ஒப்பிட எடுத்த ஆண்டு, மின்சாரத்துக்குப் போட்ட காரணி (ஓர் அலகுக்கு எத்தனை கிலோ வாயு என்ற எண்). இலங்கையில் மூன்றாவதைத் தீர்மானிப்பதில் மலைநாட்டு மழைக்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

அளப்பது என்றால் என்ன?

காபன் அடிச்சுவட்டை ‘அளந்தோம்’ என்றாலும், பெரும்பாலான நிறுவனங்களில் யாரும் புகைக்குழாயில் கருவி பொருத்திப் பார்ப்பதில்லை. எல்லாம் பெருக்கல் கணக்குத்தான். எவ்வளவு எரித்தீர்கள், எத்தனை அலகு மின்சாரம் எடுத்தீர்கள் என்ற எண்ணை அதற்குரிய வெளியீட்டுக் காரணியால் பெருக்க வேண்டும். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகும். ஜெனரேட்டருக்கு வருடத்தில் 10,000 லீற்றர் டீசல் ஊற்றியிருந்தால் அது 27 தொன்.

காபனீரொட்சைட்டு மட்டும் கணக்கில் வருவதில்லை. மற்றப் பச்சைவீட்டு வாயுக்களையும் அதன் அளவுக்கு மாற்றிச் சேர்ப்பார்கள். இதற்குப் பெயர் ‘காபனீரொட்சைட்டுச் சமவலு’. நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ மெதேன் ஏறத்தாழ 28 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம்.

கொழும்பு அலுவலகங்களில் எவரும் எதிர்பாராத பெரிய எண் ஏசி கேஸ்தான். பரவலாகப் பாவிக்கப்படும் ஆர்-410ஏ வாயு, ஒரு கிலோ கசிந்தால் ஏறத்தாழ 2,088 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். திருத்துநர் தோளில் தூக்கி வரும் அந்த இளஞ்சிவப்பு நிற சிலிண்டரில் சுமார் 11.3 கிலோ இருக்கும். கசிந்துபோன ஏசிகளுக்கு வருடத்தில் அப்படி ஒரு சிலிண்டர் அடித்து முடித்திருந்தால், அதுவே ஏறத்தாழ 23.6 தொன், ஏறத்தாழ 8,700 லீற்றர் டீசல் எரித்ததற்கு ஒப்பு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 வாயுவும் ஏறத்தாழ அதே அளவு சூடேற்றக்கூடியது. ஆனால் அது ஓசோன் படையைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் வருவதால், ஜிஎச்ஜி புரோட்டோகோல் எனும் கணக்கு முறையில் முதன்மைக் கூட்டுத்தொகைக்குள் சேராது. தனியே காட்டினால் போதும். அதனால் பழைய ஏசியைக் கழற்றிப் புதியதைப் பூட்டிய நிறுவனத்துக்குக் காகிதத்தில் அடிச்சுவடு கூடிப்போகலாம்.

மூன்று ஸ்கோப்

மேலே சொன்ன ஜிஎச்ஜி புரோட்டோகோலை உலக வளங்கள் நிறுவகமும் நிலையான வளர்ச்சிக்கான உலக வணிகப் பேரவையும் சேர்ந்து 2001-இல் வெளியிட்டன. வாயு வெளியீடுகளை மூன்று ‘ஸ்கோப்’பாகப் பிரித்தது அதுதான்.

1. ஸ்கோப் 1: நிறுவனம் தானே எரிப்பதும் கசியவிடுவதும். ஜெனரேட்டர், கொதிகலன், சொந்த வாகனங்கள், ஏசி கேஸ்.
2. ஸ்கோப் 2: வாங்கும் மின்சாரம். எரிவது நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் என்றாலும் விளக்குப் போட்டது நீங்கள்.
3. ஸ்கோப் 3: மற்றதெல்லாம். வாங்கும் துணி, கப்பல் சரக்கு, ஊழியர் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்துபோவது, விற்ற பொருளை வாங்கியவர் பாவிப்பது, கழிவு என்று 15 வகை.

முதல் இரண்டும் மின்பட்டியலிலும் எரிபொருள் பற்றுச்சீட்டிலும் கிடைத்துவிடும். மூன்றாவது கடினம்; அநேகமாக மிகப் பெரியதும் அதுதான். வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். காலி வீதியில் இருக்கும் தலைமையகத்தின் விளக்கும் ஏசியும் ஒரு பக்கம். அந்த வங்கி கடன் கொடுத்த சீமெந்து ஆலையும் கட்டடங்களும் வெளியிடுவது மறுபக்கம். நிறுவனங்களின் காலநிலைத் தரவுகளைத் திரட்டும் சிடிபி அமைப்பு, தன்னிடம் அறிக்கை தந்த நிதி நிறுவனங்களில் கடனும் முதலீடும் சார்ந்த வெளியீடு, அவை நேரடியாக வெளியிடுவதைப்போலச் சராசரியாக 700 மடங்குக்கு மேல் என்று 2021-இல் கணித்தது. தலைமையகத்தில் எல்ஈடி விளக்குப் பூட்டியதற்குச் சான்றிதழ் வாங்கிய வங்கியைப் பார்க்கும்போது இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

யார் யாருக்குச் சான்று கொடுக்கிறார்கள்?

‘ஐஎஸ்ஓ சான்றிதழ் பெற்றோம்’ என்பது பேச்சு வழக்கு. ஜெனீவாவில் இருக்கும் ஐஎஸ்ஓ அமைப்பு யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை, நியமத்தை எழுதி வெளியிடுவதோடு சரி. காபன் கணக்குக்கான நியமம் ஐஎஸ்ஓ 14064. அதன் முதற்பகுதி நிறுவனம் எப்படிக் கணக்கிட வேண்டும் என்கிறது. இரண்டாம் பகுதி தனித் திட்டங்களுக்கானது. மூன்றாம் பகுதி சரிபார்ப்பவருக்கு. சரிபார்க்கும் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஐஎஸ்ஓ 14065 சொல்கிறது.

கொழும்பில் இந்தச் சங்கிலி இப்படிப் போகும். நிறுவனம் தரவைத் திரட்டும்; பெரும்பாலும் ஓர் ஆலோசகர் உதவுவார். அப்புறம் சரிபார்ப்பு அமைப்பு வரும். சுற்றாடல் அமைச்சின் கீழ் இயங்கும் இலங்கை காலநிலை நிதியம் இந்த வேலையைச் செய்கிறது. தனியார் சான்றளிப்பு நிறுவனங்களும் செய்கின்றன. சரிபார்ப்பவருக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பது, 2005-ஆம் ஆண்டின் 32-ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை அங்கீகாரச் சபை அல்லது அதற்கு ஒப்பான வெளிநாட்டுச் சபை.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கணக்குப் போட்டுக் கொடுத்த ஆலோசகரே அதைச் சரிபார்க்கக் கூடாது. அடுத்தது, சரிபார்ப்பவருக்குக் கூலி கொடுப்பது சரிபார்க்கப்படும் நிறுவனம். நிதிக் கணக்காய்விலும் இதே கதைதான் என்பதால் இதை மட்டும் வைத்து யாரையும் சந்தேகிக்க முடியாது. ஆனால் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கும் பெறாத அமைப்புக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் பெரிதாகிறது: அங்கீகாரம் பெற்றவரின் கோப்பைத் திறந்து பார்க்க மேலே ஒருவர் இருக்கிறார்.

கையில் கிடைக்கும் பத்திரத்தின் சரியான பெயர் ‘சரிபார்ப்புக் கூற்று’. அதிலும் இரண்டு தரம் உண்டு. வரையறுக்கப்பட்ட உறுதி என்றால், ‘தவறு இருப்பதாகக் காட்டும் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை’ என்ற பாணியில் எழுதுவார்கள். நியாயமான உறுதி என்றால், ‘முக்கிய அம்சங்கள் யாவற்றிலும் இக்கணக்கு சரியானது’ என்று நேரடியாக எழுதுவார்கள். முதலாவதுக்கு வேலை குறைவு, செலவும் குறைவு. சட்டமிட்ட சான்றிதழில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

சரிபார்ப்பவர் வந்து என்ன பார்ப்பார்?

இரத்மலானைப் பக்கம் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். சரிபார்ப்பவர் முதலில் கேட்பது விரிதாளை. அடுத்ததாகக் கேட்பது ஜெனரேட்டர் அறையின் சாவி. அங்கே சுவரில் தொங்கும் எண்ணெய்க் கறை படிந்த லொக் புத்தகத்தில் திகதி, ஓடிய மணித்தியாலம், ஊற்றிய லீற்றர் எழுதியிருக்கும். மெஷினில் இருக்கும் மணித்தியால மீற்றரோடு அதை ஒப்பிடுவார். பவுசர் வந்து இறக்கிய டீசலின் பற்றுச்சீட்டுகளைக் கணக்குப் பிரிவிலிருந்து எடுத்து, வருடத் தொடக்கத்தில் தாங்கியில் இருந்ததையும் கடைசியில் மிஞ்சியதையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பார். பற்றுச்சீட்டில் 12,000 லீற்றர், லொக்கில் 9,000 என்றால் மிச்சம் எங்கே போனது? வேறு வாகனத்துக்குப் போயிருக்கலாம், எழுத மறந்திருக்கலாம், களவும் போயிருக்கலாம். எப்படி என்றாலும் எரிந்ததாகவே கணக்கில் ஏறும்.

மின்பட்டியல்களில் பன்னிரண்டு மாதமும் இருக்கிறதா, புதிதாக வாடகைக்கு எடுத்த களஞ்சியத்தின் மீற்றர் விடுபட்டதா என்று பார்ப்பார். ஏசி பராமரிப்புக்காரரின் பில்லில் ‘கேஸ் டொப்-அப்’ என்று மட்டும் எழுதி, எத்தனை கிலோ என்று எழுதாமல் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் பாதி நாள் போய்விடும்.

எல்லாப் பற்றுச்சீட்டையும் அவர் பார்ப்பதில்லை. மாதிரி எடுத்துத்தான் பார்ப்பார். எவ்வளவு பிழை இருந்தால் ‘முக்கியமான பிழை’ என்று கொள்வது என்பதற்கு ஓர் எல்லையை முன்கூட்டியே வைத்துக்கொள்வார்கள். வழக்கமாக 5 சதவீதம். இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு நிறுவனம் 3 சதவீதம் குறைத்ததாகச் சொல்கிறது. கணக்கு 4 சதவீதம் பிசகியிருந்தாலும் சரிபார்ப்பவர் அதை முக்கியமான பிழை என்று சொல்லப் போவதில்லை. அப்படியானால் அந்த 3 சதவீதம் உண்மையிலேயே நடந்ததா என்று அந்தப் பத்திரத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒற்றை இலக்கக் குறைப்புகளை, அதிலும் ஒரே ஒரு வருடத்துக்கானவற்றை, நான் பெரிதாக எடுப்பதில்லை.

எதிலிருந்து குறைந்தது?

எந்த வருடத்தோடு ஒப்பிடுகிறோமோ அதற்கு அடிப்படை ஆண்டு என்று பெயர். அதைத் தெரிவு செய்வது நிறுவனம். இலங்கையில் கடந்த சில வருடங்களில் ‘வழமையான’ ஆண்டு ஒன்றைத் தேடிப்பிடிப்பது லேசான காரியம் அல்ல.

2020-இலும் 2021-இலும் கொவிட் முடக்கம். அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன. அதை அடிப்படையாக வைத்தால் பிறகு எல்லாம் கூடியதாகவே தெரியும் என்பதால் அநேகர் அதைத் தவிர்ப்பார்கள். 2022 வேறு மாதிரி. அந்த மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. டீசல் கிடைத்தவர்கள் ஜெனரேட்டரில் ஓடினார்கள். ஜெனரேட்டரில் ஓர் அலகு மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 0.8 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகும். நாட்டின் மின்வலையமைப்புச் சராசரியை விட அது கூடுதல். டீசல் கிடைக்காதவர்களோ வேலையை நிறுத்தினார்கள், ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். அவர்களுக்கு அந்த வருடம் இயல்பை விடக் குறைவு. ஜெனரேட்டரில் ஓடிய நிறுவனம் 2022-ஐ அடிப்படையாக வைத்தால், மின்வெட்டு நின்ற அடுத்த வருடமே பெரிய குறைப்புக் கிடைத்துவிடும். கரண்ட் திரும்பி வந்ததற்கு ஒரு சான்றிதழ்!

இதைத் தவிர்க்க வழி இல்லாமல் இல்லை. ஒரே ஆண்டுக்குப் பதிலாகப் பல ஆண்டுகளின் சராசரியை அடிப்படையாக வைக்க ஜிஎச்ஜி புரோட்டோகோல் இடம் தருகிறது. அப்படிச் செய்த நிறுவனம் இருந்தால் அது கவனிக்கத்தக்க நல்ல அறிகுறி.

இனி மழைக்கு வருவோம். ஸ்கோப் 2 கணக்கில், வாங்கிய அலகுகளை நாட்டின் மின்வலையமைப்புக் காரணியால் பெருக்குவார்கள். அந்தக் காரணியை நிலைபெறுதகு வலு அதிகாரசபை கணித்து வெளியிடுகிறது. அது வருடத்துக்கு வருடம் மாறும். லக்சபான, விக்டோரியா, கொத்மலை நீர்த்தேக்கங்கள் நிரம்பிய வருடத்தில் நீர்மின் கூடும், காரணி இறங்கும். மழை பொய்த்தால் 900 மெகாவாட் கொள்ளளவுள்ள நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் எண்ணெய் நிலையங்களும் கூடுதலாக ஓட வேண்டும், காரணி ஏறும்.

கணக்குப் புரிய ஓர் உதாரணம். கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டடம் வருடத்துக்குப் பத்து இலட்சம் அலகு பாவிக்கிறது. காரணி 0.55 கிலோ என்றால் 550 தொன். அடுத்த வருடம் நல்ல மழை, காரணி 0.45 என்று வைப்போம். அதே பத்து இலட்சம் அலகுக்கு 450 தொன். 18 சதவீதம் ‘குறைப்பு’. ஒரு மின்குமிழ்கூட அணைக்கப்படவில்லை. எண்கள் உதாரணத்துக்குத்தான், நடப்பது இதுதான்.

கணக்கு இங்கே பொய் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்தின் மின்சாரத்துக்காக வெளியான வாயு உண்மையிலேயே குறைந்தது. அதைக் குறைத்தது அந்த நிறுவனமா என்பதுதான் கேள்வி. நேர்மையான அறிக்கையில் தொன்னுக்குப் பக்கத்தில் அலகும் இருக்கும். அலகு குறையாமல் தொன் மட்டும் குறைந்திருந்தால் நன்றி சொல்ல வேண்டியது பருவமழைக்கு.

காகிதத்தில் குறையும் வேறு வழிகள்

இவற்றில் பல விதிமுறைக்கு உட்பட்டவை. மோசடி என்று சொல்ல முடியாது.

1. வேலையை வெளியே கொடுப்பது. பத்துச் சொந்த லொறிகளை விற்றுவிட்டு வாடகை லொறி பிடித்தால் ஸ்கோப் 1-இல் இருந்த டீசல் ஸ்கோப் 3-க்குப் போய்விடும். ஸ்கோப் 3-ஐக் கணக்கில் எடுக்காத நிறுவனத்துக்கு அது மறைந்தே போகும். இப்படி நடந்தால் அடிப்படை ஆண்டையும் திருத்த வேண்டும் என்பது விதி. திருத்தினார்களா என்று சரிபார்ப்பவர் கேட்க வேண்டும்.

2. மூடுவது. ஒரு தொழிற்சாலையை இன்னொருவருக்கு விற்றால் அடிப்படை ஆண்டிலிருந்து அதை நீக்கிவிட வேண்டும். ஆனால் மூடினால் நீக்கத் தேவையில்லை. அது இயல்பான சுருக்கமாகக் கருதப்படும். ஆக, வியாபாரம் படுத்துப் பூட்டிய தொழிற்சாலையும் குறைப்பாகக் கணக்கில் வரும்.

3. துண்டுக் கணக்கு. ‘ஒரு ஆடைக்கு இத்தனை கிராம் குறைத்தோம்’ என்பது செறிவுக் குறைப்பு. ஒரு ஆடைக்கு 10 சதவீதம் குறைந்து, தைத்த ஆடைகள் 30 சதவீதம் கூடினால் மொத்தம் 17 சதவீதம் ஏறியிருக்கும். செறிவுக் கணக்கு பயனற்றது என்று சொல்ல வரவில்லை. தொழிற்சாலையின் திறனைக் காட்டுவது அதுதான். ஆனால் வளிமண்டலத்துக்கு மொத்தம் மட்டுமே தெரியும்.

4. விறகு. உலை எண்ணெய்க் கொதிகலனைக் கழற்றி, றப்பர் மரக் கட்டையோ சீமைக்கிளுவையோ எரிக்கும் கொதிகலன் பூட்டினால் எண் சட்டென்று விழும். விறகு எரிவதால் வரும் காபனீரொட்சைட்டு, மரம் மீண்டும் வளரும்போது உறிஞ்சப்படும் என்ற எண்ணத்தில், மூன்று ஸ்கோப்புக்கும் வெளியே தனியாகக் காட்டப்படும். திரும்ப நடுகிற தோட்டத்திலிருந்து வந்த விறகென்றால் இது நியாயம். எங்கே வெட்டியது என்று தெரியாத விறகென்றால் இல்லை. இந்த ஒரு கேள்வியை எத்தனை அறிக்கை கேட்கிறது?

5. கூரைச் சூரியமின். 2016-இல் அரசின் ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம் தொடங்கிய பிறகு தொழிற்சாலைக் கூரைகளில் சோலார் நிறைந்துவிட்டது. இதில் ஒரு நுட்பம் உண்டு. உற்பத்தியைத் தானே பாவித்தால் வாங்கும் அலகு குறையும். அது உண்மையான ஸ்கோப் 2 குறைப்பு. ஆனால் ‘நெட் பிளஸ்’ முறையில் உற்பத்தியாகும் ஒவ்வொரு அலகும் வலையமைப்புக்கு விற்கப்படுகிறது. பாவிக்கும் மின்சாரம் முழுவதும் வலையமைப்பிலிருந்து வருகிறது. அந்தச் சோலாரைத் தன் ஸ்கோப் 2-இலிருந்து கழிக்க முடியாது. அதே அலகு நாட்டின் காரணியில் ஏற்கனவே சேர்ந்துவிட்டதே! தவிர்க்கப்பட்ட வெளியீடு என்று தனியாகச் சொல்லலாம், அவ்வளவுதான்.

‘நடுநிலை’ என்பது வேறு பேச்சு

குறைப்புச் சான்றும் காபன் நடுநிலைச் சான்றும் ஒன்றல்ல. நடுநிலை என்றால், வெளியிட்ட தொன்களுக்கு ஈடாக வேறு எங்கோ குறைக்கப்பட்ட அல்லது உறிஞ்சப்பட்ட தொன்களைக் காபன் வரவுகளாக வாங்கிக் கழித்துக்கொள்வது. வெளியீடு கூடிய வருடத்திலும் நிறுவனம் நடுநிலையாக இருக்கலாம்; வரவு கொஞ்சம் கூட வாங்கினால் சரி. இதற்குப் பிரித்தானிய நியம நிறுவனத்தின் பாஸ் 2060 வெகுகாலம் அளவுகோலாக இருந்தது. 2023-இல் ஐஎஸ்ஓ 14068-1 வந்தது. அது முதலில் குறை, முடியாததற்கு மட்டும் வரவு வாங்கு என்ற வரிசையை வற்புறுத்துகிறது.

வாங்கும் வரவு உண்மையானதா என்பது தனித் தலைவலி. உலகின் மிகப் பெரிய வரவுப் பதிவகமான வெர்ராவின் மழைக்காட்டு வரவுகளில் 90 சதவீதத்துக்கு மேல் உண்மையான குறைப்பைக் காட்டவில்லை என்று 2023 ஜனவரியில் கார்டியன் உள்ளிட்ட ஊடகங்கள் கூட்டாக எழுதின. வெர்ரா அந்தக் கணிப்பு முறையை மறுத்தது. 2025 ஓகஸ்டில் பிராங்பேர்ட் நீதிமன்றம் ஒன்று, ஆப்பிள் நிறுவனம் தன் கைக்கடிகாரத்தைக் காபன் நடுநிலை என்று ஜெர்மனியில் விளம்பரம் செய்யக் கூடாது என்றது. காரணம் எளிமையானது. வரவு தந்த பராகுவே யூகலிப்டஸ் தோட்டத்தின் பெரும்பகுதிக்கான நிலக் குத்தகை 2029-இல் முடிகிறது. அதற்குப் பிறகு மரம் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

‘நெட் சீரோ’ இதைவிடக் கடினமானது. நிறுவனங்களின் காலநிலை இலக்குகளுக்கு நியமம் வகுக்கும் எஸ்பிடிஐ என்ற அமைப்பு 2021-இல் வெளியிட்ட நியமப்படி, பெரும்பாலான நிறுவனங்கள் 2050-க்குள் ஸ்கோப் 3 உட்பட ஏறத்தாழ 90 சதவீதத்தைத் தாமே குறைக்க வேண்டும். மிச்சத்துக்குத்தான் உறிஞ்சல். ஒரு தலைமையகக் கட்டடத்தின் மின்சாரத்தை மட்டும் எடுத்து ‘நெட் சீரோ’ என்று பலகை வைப்பதற்கும் இதற்கும் தூரம் அதிகம்.

சரிபார்ப்புக் கூற்று கையில் கிடைத்தால்

சட்டமிட்ட சான்றிதழை விட்டுவிடுங்கள். ஆண்டறிக்கையின் பின்னிணைப்பில் கூற்று இருக்கும். அதில் பார்க்க வேண்டிய வரிசை இது.

1. எல்லை. முழுக் குழுமமா, தலைமையகமா, ஒரு தொழிற்சாலையா? எந்த ஸ்கோப் வரை? ஸ்கோப் 3 இருந்தால் எத்தனை வகை?
2. அடிப்படை ஆண்டு. 2020 முதல் 2022 வரையான ஏதாவது ஒன்றென்றால், ஏன் அந்த ஆண்டு என்று விளக்கம் இருக்கிறதா?
3. தொன்னோடு லீற்றரும் அலகும் தரப்பட்டிருக்கிறதா?
4. குறைப்பு மொத்தத்திலா, ஓர் அலகு உற்பத்திக்கா?
5. எந்த உறுதி நிலை? சரிபார்த்தவரின் அங்கீகார இலக்கம் இருக்கிறதா?
6. வாங்கிய வரவுகள் குறைப்புக்குள் கலக்கப்பட்டதா, தனியே காட்டப்பட்டதா?

நேரம் இல்லாதவர் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் பார்த்தாலே பாதிப் படம் தெளிந்துவிடும்.

ஏன் இப்போது இவ்வளவு அவசரம்?

பாதி அழுத்தம் வாங்குபவரிடமிருந்து வருகிறது. கட்டுநாயக்கவிலோ மட்டக்களப்பிலோ தைக்கும் ஆடையின் கொதிகலனும் தையல் மெஷின் மின்சாரமும் இங்கே ஸ்கோப் 1, 2. லண்டனில் அதை விற்கும் நிறுவனத்துக்கு அதே வாயு ஸ்கோப் 3. அவர்கள் தங்கள் இலக்கை எட்ட நாம் குறைக்க வேண்டும். எனவே ஓர்டர் கொடுக்கும்போதே கணக்கைக் கேட்கிறார்கள், சரிபார்த்த கணக்கைக் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் காபன் வரியைப் பற்றியும் இங்கே பலர் பயப்படுகிறார்கள். சீமெந்து, இரும்பு, அலுமினியம், உரம், ஐதரசன், மின்சாரம் ஆகியவையே அதன் பட்டியலில் உள்ளன. ஆடையும் தேயிலையும் இல்லை. நமக்கு நேரடியாகப் படுவது இன்னொரு சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 இலக்கப் பணிப்புரை, காபன் வரவு வாங்கியதை வைத்து ஒரு பொருளை ‘நடுநிலை’ என்றோ ‘தாக்கம் குறைந்தது’ என்றோ நுகர்வோரிடம் சொல்வதைத் தடை செய்கிறது. 2026 செப்டெம்பர் 27 முதல் அது நடைமுறை. ‘காபன் நடுநிலைத் தேயிலை’ என்று வரவை நம்பி அச்சடித்த பெட்டி ஹம்பேர்க் கடையில் அதே உருவில் நிற்க முடியாது.

மற்றப் பாதி உள்ளூரில் இருக்கிறது. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம், சர்வதேச நிலைபேறு அறிக்கை நியமங்களான எஸ்1, எஸ்2 இரண்டையும் ஏற்று, கொழும்பு பங்குச் சந்தையின் முதல் 100 நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளில் கட்டாயமாக்கியது. மற்ற நிறுவனங்கள் படிப்படியாக உள்ளே வரும். இதன்படி காபன் கணக்கு, விளம்பரப் பிரிவின் மேசையிலிருந்து நிதிப் பிரிவின் மேசைக்கு நகர்கிறது. எல்லையைத் தனக்குப் பிடித்தபடி ஒரு கட்டடத்துக்குச் சுருக்க முடியாது; நிதி அறிக்கையில் எந்த நிறுவனங்கள் வருகின்றனவோ அவையே இங்கும் வரும். முதல் வருடத்தில் ஒப்பீட்டு எண்கள் தேவையில்லை என்ற சலுகை உண்டு. இரண்டாம் வருடத்திலிருந்து போன வருட எண்ணையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும், அது மழை பொய்த்த வருடமானாலும்.